அழிக்கும் கட்டளைக்கு என்ன அவசரம்?

கணினியில் பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கும் எவரும் ஒரு நாள் இந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது: "ஒரே பாட்டு நாலு தரம் கிடக்கிறது. ஒரு கட்டளையைத் தட்டினால் எல்லாம் சுத்தமாகிவிடும்." சொல்பவர் கணினி தெரிந்தவர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். மருமகனாக இருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருப்பார், அல்லது பஸாரில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவராக இருப்பார். அந்த ஆலோசனைக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

கட்டளை வரிக்கு எதிராக நான் எழுதவில்லை. கறுப்புத் திரையில் தட்டச்சுச் செய்யும் கட்டளைகளைப் போல நேர்மையான கருவி கணினியில் வேறில்லை என்பதே என் எண்ணம். கேட்டதைச் செய்யும், செய்ததைச் சொல்லும், வண்ணப் பொத்தான்களுக்குப் பின்னால் ஒளியாது. என் சண்டை, பட்டியலைக் கண்ணால் பார்க்கும் முன்பே அழிக்கும் அதிகாரத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடும் பழக்கத்தோடுதான்.

மடவளையில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து வத்தேகமைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பொருள்களில், வானொலியும் கசட் பதிவும் சேர்ந்த 'டூ இன் வன்' பெட்டிக்குத் தனி இடம் உண்டு. அந்தப் பெட்டி வந்த வீடுகளில் ஒலிநாடாக்கள் குவிந்தன. கடையில் வாங்கியவை சில. வானொலிக்கு முன்னால் காத்திருந்து பதிவு செய்தவை பல. நாகூர் ஹனிபா, மொஹிதீன் பேக், இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் ரமழான் நிகழ்ச்சிகள், மௌலித் மஜ்லிஸ்களில் ஓதப்பட்ட பைத்துகள், கல்யாண வீட்டுப் பாட்டுக்கள், பாட்டு முடிந்த இடத்தில் வெற்று நாடா மிச்சம் இருந்தால் வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய குரல் கடிதங்கள் எனப் பலவும் ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

இவற்றில் பெரும்பகுதி எந்த இசைத்தட்டிலும் வந்ததில்லை. இலங்கை வானொலியின் கதை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் 'ரேடியோ சிலோன்' ஆனது, 1967இல் கூட்டுத்தாபனமானது, 1972இல் நாட்டின் பெயர் மாறியபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டின் கிராமங்கள் வரை அதைக் கேட்டார்கள். அந்த வானொலிக்காக நம் நாட்டுக் கவிஞர்கள் எழுதி, நம் நாட்டு இசையமைப்பாளர்கள் மெட்டமைத்து, நம் நாட்டுப் பாடகர்கள் பாடிய மெல்லிசைப் பாடல்கள் பல, காற்றில் போனதோடு சரி. அவற்றில் சில இன்று கேட்கக் கிடைக்கின்றன என்றால், எங்கோ ஒரு வீட்டில் யாரோ பதிவுப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதுதான் காரணம்.

அந்த ஒலிநாடாக்கள் இப்போது எம்பி3 கோப்புகளாகிவிட்டன. கோப்புகள் வன்தட்டுக்குப் போயின. வன்தட்டிலிருந்து பென் டிரைவுக்குப் போயின. பிள்ளைகளின் கையோடு லண்டனுக்கும் டோஹாவுக்கும் போய், அங்கிருந்து வேறு பெயரோடு திரும்பி வந்தன. ஆகவே ஒரு பாட்டு நாலு தரம் கிடப்பதில் வியப்பில்லை. அந்த நாலும் ஒன்றுதானா என்பதே கேள்வி.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளின் பெயர் வேண்டாம். எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் ஒலிநாடாக்களை இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். அவரிடம் படித்த பிள்ளை ஒருவர் வந்து, சேவையாக நினைத்து அந்தச் சேகரிப்பைச் சுத்தம் செய்து கொடுத்தார்.

"சேர், டூப்ளிகேட் எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டன். பதினொரு ஜீபி மிச்சம்."

"அறிவிப்பாளர் பேசுற பிரதி ஒண்டு இருந்திச்சே, அது எங்க தம்பி?"

"அது ஒரே இரைச்சல் சேர். இதுதான் குவாலிட்டி கூட."

இரைச்சலான பிரதி வானொலியிலிருந்து நேரே பதிவானது. பாட்டுக்கு முன்னால், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்வார். இலங்கை வானொலியின் நல்ல பழக்கம் அது. தெளிவான பிரதியில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. பாடியவரின் பெயர் ஆசிரியருக்கு நினைவிருக்கிறது. எழுதியவரின் பெயர் நினைவில்லை. அந்தப் பெயருக்கு இருந்த ஒரே சாட்சி அந்த இரைச்சலுக்குள் இருந்தது. கட்டளை வரியில் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும். பதினொரு ஜீபி மிச்சப்பட்டது, ஒரு கவிஞரின் பெயர் போய்விட்டது.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'சுத்தம் செய்' என்று சொல்லிக் கொடுக்கும் எல்லோரும், 'ஒன்று' என்றால் என்ன என்பதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் குற்றம் சாட்டுவது அவர்களைத்தான்.

இரண்டு பாட்டுக்கள் ஒன்றா என்று கணினி நான்கு விதமாகப் பார்க்கலாம். கோப்பின் பெயரைப் பார்க்கலாம். கோப்புக்குள் எழுதப்பட்ட விபரச் சீட்டைப் பார்க்கலாம். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் பார்க்கலாம். ஒலியையே கேட்டு ஒப்பிடலாம். இந்த நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். இவற்றை ஒன்றாகக் குழப்புவதில்தான் அழிவு தொடங்குகிறது.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை கேட்பவரிடம் 'வாதாபி கணபதிம்' என்ற பெயரில் பத்துக் கோப்புகள் இருக்கும். முத்துசுவாமி தீட்சிதரின் அந்த ஹம்சத்வனிக் கிருதியைப் பாடாத வித்துவான் யார்? பத்துப் பேர் பாடிய பத்தும் ஒன்றாகுமா? மறுபக்கம், மொஹிதீன் பேக்கைப் பாருங்கள். சேலத்தில் பிறந்து, இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் பாடி, ஒரு முஸ்லிமாக இருந்துகொண்டே சிங்கள பௌத்தர்களின் பக்திப் பாடல்களுக்குக் குரலாகி, 1991இல் மறைந்தவர். அவர் பெயரை மொஹிதீன், முகைதீன், மொஹைதீன், முஹிதீன் என்றும், பேக், பெய்க், பெக் என்றும் எழுதுகிறார்கள். ஒரே பாட்டு இந்தப் பெயர்களில் எல்லாம் கிடக்கும். பெயரை மட்டும் பார்க்கும் மென்பொருள் அவற்றை வேறு வேறு ஆட்கள் என்று நினைக்கும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'தோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. மாக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும். அங்கிருந்து லினக்ஸ் கணினிக்கு வந்த 'தோழர்' என்ற கோப்புறையும், லினக்ஸிலேயே உருவாக்கிய 'தோழர்' என்ற கோப்புறையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆகப் பெயரை நம்பி ஒன்று என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது.

விபரச் சீட்டுக்கு வருவோம். எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டில் பாட்டின் பெயர், பாடகர், தொகுப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதும் ஐடி3 என்ற முறை 1996இல் வந்தது. பாடகர் பெயருக்கு 30 பைட் ஒதுக்கினார்கள். ஆங்கிலத்தில் 30 எழுத்து, தாராளம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'நாகூர் ஹனிபா' என்று எழுத 34 பைட் வேண்டும். பெட்டிக்குள் அது அடங்காது. 'நாகூர் ஹனி' வரை வந்து, அடுத்த எழுத்தின் இடுப்பில் வெட்டுப்படும். பாட்டின் பெயருக்கும் அதே 30 பைட்தான். முதல் ஆறேழு எழுத்து ஒத்துப்போகும் இரண்டு பாட்டுக்கள் அந்தச் சீட்டில் ஒன்றாகிவிடும். இசை வகைக்குத் தொடக்கத்தில் 80 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் ஐரோப்பியர் ஆடும் போல்காவுக்கு இடமிருந்தது; கர்நாடக இசைக்கு இல்லை, கஸீதாவுக்கு இல்லை. பிறகு வந்த பதிப்புகளில் நீளமும் மொழியும் சரிசெய்யப்பட்டன. ஆனால் நம் வீடுகளில் கிடக்கும் பழைய கோப்புகளில் பழைய சீட்டுத்தான் ஒட்டியிருக்கிறது, அதுவும் பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் வாசிக்கவே முடியாது. இந்தச் சீட்டை நம்பியா ஒரு பாட்டை அழிப்பது?

மூன்றாவது வழி பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது. கட்டளை வரியின் பலம் இங்கேதான். எஃப்டூப்ஸ் என்ற கருவி முதலில் கோப்புகளின் அளவைப் பார்க்கும். அளவு ஒத்தால் எம்டி5 என்ற கணக்கின் மூலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண்ணைப் பெறும். அதுவும் ஒத்தால், கடைசியாக இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும். 2004இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் எம்டி5 கணக்கில் வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே எண் வரச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆனாலும் கடைசிப் பரிசோதனை இருப்பதால் இங்கே அது கவலையில்லை. எஃப்டூப்ஸ் 'ஒன்று' என்றால் ஒன்றுதான்.

அப்படியானால் அழித்துவிடலாமே என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கருவிக்கு 'டி' என்ற சுவிட்சைக் கொடுத்தால் எதை வைத்திருப்பது என்று ஒவ்வொரு தரமும் கேட்கும். அதோடு பெரிய எழுத்தில் 'என்' என்ற சுவிட்சையும் சேர்த்தால், கேட்காமலே முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழிக்கும். இணையத்தில் கைமாறும் 'மந்திரக் கட்டளை'களில் இந்த 'என்' பெரும்பாலும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. எது முதலாவது என்பது எந்தக் கோப்பின் பெறுமதியையும் பார்த்து முடிவாவதில்லை. '1987 ரமழான், கசட் 4, ஏ பக்கம்' என்ற கோப்புறையில் ஐந்தாவதாக இருந்த பாட்டு அழிந்து, 'புதிய கோப்புறை 2' என்ற இடத்தில் கிடந்த அதன் பிரதி தப்பலாம். ஒரு பைட்டும் குறையவில்லை என்று கணினி சத்தியம் செய்யும். ஆனால் அந்த வருடம், அந்த நாடாவில், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தது என்ற செய்தி போய்விட்டது. ஆவணங்களை அவை வந்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்பதை 1898இல் நெதர்லாந்தின் ஆவணக் காப்பாளர்கள் மூவர் தம் கைநூலில் விதியாகவே எழுதிவைத்தார்கள். காகிதத்துக்குச் சொன்ன அந்த விதி கசட்டுக்கும் பொருந்தும்.

நான்காவது வழி, ஒலியை ஒப்பிடுவது. மிகக் கெட்டிக்காரத்தனமானது, ஆகவே மிக ஆபத்தானதும் இதுதான். குரோமாபிரின்ட் என்ற நிரல் பாட்டின் ஒலியிலிருந்து ஒரு கைரேகையை எடுக்கும். இயல்பு நிலையில் முதல் 120 விநாடிகளை மட்டுமே பார்க்கும். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்பது அதன் பொறுப்பல்ல. பாட்டு முடிந்த பிறகு தொடங்கும் குரல் கடிதம் அதன் காதில் விழவே போவதில்லை. பெயர் தெரியாத பாட்டை இனங்காண அது அருமையான கருவி. எதை அழிப்பது என்று தீர்மானிக்க அது வைத்ததல்ல.

இந்த வழியில் போகும் மென்பொருள்கள் 'ஒத்தவற்றில் பெரியதை வைத்துக்கொள்' என்ற ஒரு வழியையும் காட்டும். 128 கிலோபிட் எம்பி3 ஒன்றை எடுத்து 320 கிலோபிட்டாக மீண்டும் மாற்றினால் கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும். ஒலி ஒரு துளியும் மேம்படாது, மேலும் சிதையும். முதல் மாற்றத்தில் போனது திரும்பி வராது. இரண்டாவது மாற்றம் இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும். பெரியதை வைத்துக்கொள் என்றால், மூலத்தை அழித்துவிட்டு அதன் ஊதிப்போன நகலை வைத்துக்கொள் என்று பொருளாகிவிடலாம். இதைத்தான் 'குவாலிட்டி கூட' என்று நம்புகிறோம்.

நிற்க. இவ்வளவும் எதற்காக? இடத்தை மிச்சம் பிடிக்க என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 128 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட். நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு மெகாபைட். பத்தாயிரம் பாட்டுக்கு 40 ஜீபி. அதில் மூவாயிரம் இரட்டைப் பிரதிகள் என்று வைத்தாலும் மிச்சமாகப் போவது 12 ஜீபி. சட்டைப் பையில் போடும் 16 ஜீபி பென் டிரைவில் அது அடங்கிவிடும். 2000இல் இந்த வாதத்துக்குப் பொருள் இருந்தது. அன்றைய வன்தட்டுகள் சிறியவை, விலை கூடியவை. இன்று கைப்பேசியில் எடுக்கும் காணொளிகள் சில நாள்களில் அவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றை அழிக்க நமக்கு மனம் வருவதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்திய ஒலியில் மட்டும் நமக்குச் சிக்கனம் வந்துவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தபோது, 'ஒரு சுவடி கிடைத்துவிட்டது, மற்றவை இரட்டைப் பிரதி' என்று நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய் அதே நூலின் வேறு ஏடுகளைத் தேடினார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடம் இன்னோர் ஏட்டில் பிழைத்திருந்தது. ஓர் ஏட்டின் பிழை இன்னோர் ஏட்டால் தெரிந்தது. நம் யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம்பிள்ளை செய்ததும் அதே வேலைதான். பிரதிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டுக்கு அவர்கள் 'பாடபேதம்' என்று பெயர் வைத்து அடிக்குறிப்பில் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சுத்தம் செய்யும் மென்பொருள் இருந்திருந்தால், செல்லரித்த ஏடுகளை முதலில் கழித்திருக்கும்.

ஒரே பிரதியை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் அச்சு நூல்களை வேறு நூலகங்களில் தேடலாம்; வேறு பிரதி இல்லாத ஏடுகளைத் தேட இடமே இல்லை. 2005இல் இணையத்தில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அந்தப் பாடத்தைப் படித்தவர்களின் வேலை.

"இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, வீட்டில் எதற்கு?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். மைஸ்பேஸ் என்ற தளம் ஒரு காலத்தில் உலகின் இளம் பாடகர்களுக்கெல்லாம் மேடையாக இருந்தது. 2015க்கு முன்னர் அங்கே ஏற்றப்பட்ட பாடல்கள், சேவையகம் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்பது 2019இல் வெளியே வந்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் என்று சொல்லப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மீண்டன. 2008க்கும் 2010க்கும் இடையில் ஆய்வுக்காக அந்தப் பாடல்களைப் பிரதி எடுத்து வைத்திருந்த ஒரு பல்கலைக்கழகக் குழு, இணைய ஆவணக் காப்பகத்துக்கு அவற்றைக் கொடுத்தது. அந்த ஆய்வாளர்களின் வன்தட்டில் பல வருடம் கிடந்தவை அத்தனையும் 'இரட்டைப் பிரதி'தான்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. நாடு முழுவதும் அவசர நிலை பிரகடனமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்து வீடுகளைக் கொண்டுபோயின. உயிர்ச்சேதத்தின் முன்னால் ஒலிநாடாவைப் பற்றிப் பேசுவது சிறுமை என்பதை அறிவேன். ஆனால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. தீயும் மண்ணும் வரும் ஊரில் வாழ்பவனுக்கு 'ஒன்று போதும்' என்ற உபதேசம் பொருந்தாது.

இன்னொரு சாராருக்கு வேறு பதில் இருக்கிறது. இசையே கூடாது, போனால் போகட்டும் என்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஆனால் அந்த நாடாக்களில் வாத்திய இசை மட்டும் இல்லை. கிராஅத் இருக்கிறது, பைத் இருக்கிறது, மறைந்துபோன உலமாக்களின் பயான் இருக்கிறது, நம் உம்மம்மாக்கள் பேசிய தமிழ் இருக்கிறது. நமக்கு இந்த மண்ணில் வரலாறு இல்லை என்று சொல்லப்படும்போதெல்லாம் சான்று தேடி ஓடுகிறோம். சான்றுகளை நாமே 'கிளீன்' செய்துவிட்டுத் தேடி என்ன பயன்?

"அப்படியானால் எதையுமே அழிக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. அழிக்கலாம். ஆனால் ஒழுங்கு ஒன்று உண்டு.

முதலில், முழுச் சேகரிப்பையும் இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, வேறொரு வீட்டில் வையுங்கள். இது முடியும்வரை எந்தக் கட்டளையையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, பட்டியல். லினக்ஸில் ஷா256சம் என்ற கட்டளை ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து நீளமான அடையாளத்தைக் கொடுக்கும். ஃபைண்ட் கட்டளையால் எல்லாக் கோப்புகளையும் அதற்கு ஊட்டி, கிடைப்பதை சோர்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி, யுனிக் கட்டளையிடம் முதல் 64 எழுத்தை மட்டும் ஒப்பிடச் சொன்னால், பைட்டுக்குப் பைட் ஒத்த கோப்புகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். இதில் எங்கும் அழிக்கும் கட்டளை இல்லை. கிடைப்பது ஒரு வெறும் உரைக்கோப்பு. அச்சிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கலாம்.

மூன்றாவது, சீட்டு மட்டும் மாறிய பிரதிகள். பாடகர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மேற்சொன்ன அடையாளம் மாறிவிடும். ஒலி மட்டும் ஒன்றா என்று பார்க்க எஃப்எஃப்எம்பெக் கருவியிடம் ஒலிப் பகுதிக்கு மட்டும் எம்டி5 கேட்கலாம். ஃபிளாக் வடிவக் கோப்புகளில் ஒலியின் எம்டி5 எண் வழக்கமாகக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒலி ஒன்றென்று தெரிந்தாலும், எந்தச் சீட்டில் செய்தி கூட இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு.

நான்காவது, இடம்தான் கவலை என்றால் அழிக்காமலே அதை மீட்கலாம். ஜேடூப்ஸ், ஆர்டிஃபைண்ட் போன்ற கருவிகள் ஒத்த கோப்புகளை ஒரே உடலும் இரண்டு பெயருமாக இணைத்துவிடும். இரண்டு கோப்புறைகளிலும் பாட்டு அதனதன் இடத்தில் இருக்கும். வன்தட்டில் ஒன்றுக்குரிய இடத்தையே பிடிக்கும். ஒன்றின் சீட்டைத் திருத்தினால் மற்றதும் மாறக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இது காப்புப் பிரதியும் ஆகாது.

ஐந்தாவது, கழிக்க நினைப்பதை அழிக்காமல் தனிக் கோப்புறை ஒன்றுக்கு நகர்த்துங்கள். ஒரு வருடம் அது அங்கே கிடக்கட்டும். ஒலி மட்டும் ஒத்து பைட் ஒவ்வாத எதையும் காதால் முழுவதும் கேட்காமல் தொடாதீர்கள். முழுவதும் என்றால் பாட்டு முடிந்த பிறகு வரும் அமைதியையும் சேர்த்து.

இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு வருடம் ஒலிநாடாவை ஓடவிட்டு மாற்றிய ஆசிரியருக்குப் பொறுமை இருந்தது. இல்லாமல் போனது, உதவிக்கு வந்த கட்டளைக்குத்தான்.

வீட்டுக்குச் சொன்னது நிறுவனங்களுக்கும் பொருந்தும். நாட்டின் ஒலிபரப்பு நிலையங்கள், பல்கலைக்கழக நூலகங்கள், பழைய பாடசாலைகள், பள்ளிவாசல்கள் எங்கும் நாடாக்கள் கிடக்கின்றன. எண்ணிமப்படுத்திய பின் மூல நாடாவைக் கழிப்பதும் இரட்டைப் பிரதி அழிப்புத்தான். தங்களிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை முதலில் பகிரங்கமாக வெளியிடட்டும். அதைப் பார்த்து, 'அந்த நிகழ்ச்சியின் முழு வடிவம் என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல ஒருவர் டொரொன்டோவில் இருப்பார், ஒருவர் மடவளையில் இருப்பார். பட்டியல் வெளிவராமல் எதையும் கழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

உலகெங்கும் இருந்து இதை வாசிக்கும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த மாதம் உங்கள் வன்தட்டில் எதையும் சுத்தம் செய்யாதீர்கள். பட்டியல் மட்டும் எடுங்கள். வானொலியிலிருந்து பதிவான, அறிவிப்பாளரின் குரலோடு கூடிய, இரைச்சலான பிரதி ஏதாவது இருந்தால் அதை மற்றவற்றுக்கு முன்பாக இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அந்த அறிவிப்பில் வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நம் ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கும் பெயரும் அவற்றில் இருக்கலாம்.